வீட்டுக்கு வந்து கேட்கும் கணிப்பா, போனில் கேட்கும் கணிப்பா?

தென்னாப்பிரிக்காவின் அடுத்த உள்ளாட்சித் தேர்தல் 2026 நவம்பருக்கும் 2027 ஜனவரிக்கும் இடையில் நடந்தாக வேண்டும். அதற்கு முன்பே கருத்துக்கணிப்புகள் டர்பன் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்ற ஆரம்பித்துவிடும். எதை நம்பலாம் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது இதுதான்: வீடு வீடாகப் போய் எடுக்கும் பெரிய கணிப்பைவிட, போனில் தினமும் கேட்டு எடுக்கும் கணிப்பைத்தான் நான் பின்தொடர்கிறேன். 2024-இல் இரண்டையும் பார்த்த பிறகு எடுத்த முடிவு இது.

நேரில் கேட்பதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இப்சோஸ் என்ற கணிப்பு நிறுவனத்தின் ஆட்கள் கிராமம்வரை போய், அவரவர் மொழியிலேயே கேட்கிறார்கள். 2024 ஏப்ரல் கடைசியில் அவர்கள் அப்போதைய ஆளும் கட்சியான ஏ.என்.சி.க்கு 40.2 சதவீதம் என்றார்கள். மே 29 தேர்தலில் வந்தது 40.18. முக்கிய எதிர்க்கட்சியான டி.ஏ.வுக்கு 21.9 என்றார்கள், வந்தது 21.81. ஜோசியக்காரர்கூட இவ்வளவு துல்லியமாகச் சொல்ல மாட்டார். ஆனால் முன்னாள் அதிபர் ஜூமாவின் எம்.கே. கட்சிக்கு 8.4 என்றார்கள், வந்தது 14.58. டர்பன் இருக்கும் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் அந்தக் கட்சி 45 சதவீதத்தைத் தாண்டியது. இங்கே வாழும் நமக்கு முக்கியமான அந்த ஒரு எண்தான் தவறியது.

அதைக் கணிப்பாளர்களின் தவறு என்று சொல்லவும் முடியாது. ஜூமா அந்தக் கட்சிக்கு ஆதரவு அறிவித்ததே 2023 டிசம்பரில்தான். கேள்வி கேட்டு முடித்த பிறகும் மக்கள் மனம் மாறிக்கொண்டே இருந்தது. கருத்துக்கணிப்பும் மீன் மாதிரிதான், எப்போது பிடித்தது என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். சோஷியல் ரிசர்ச் பவுண்டேஷன் என்ற ஆய்வு அமைப்பு கடைசி வாரங்களில் தினமும் போனில் கேட்டு வெளியிட்ட எண்களில் எம்.கே. இரட்டை இலக்கத்தில் நின்றது. போன் கணிப்பின் குறை எல்லோருக்கும் தெரிந்ததே: புதிய எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் பாதிப் பேர் எடுப்பதில்லை. சரி, டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இன்டர்காமில் பேசும் அந்நியருக்கு மட்டும் கேட்டைத் திறந்துவிடுகிறார்களா என்ன?

ஆனால் நான் போன் பக்கம் சாய்ந்ததற்குக் காரணம் வேறு. எத்தனை பேர் வாக்களிக்க வருவார்கள் என்ற கணக்குதான் அது. பதிவு செய்த 100 பேரில் 50 பேர் ஒரு கட்சிக்கு, 35 பேர் இன்னொரு கட்சிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கட்சிக்காரர்களில் பாதிப் பேர்தான் வாக்குச்சாவடிக்குப் போகிறார்கள். இரண்டாவது கட்சியில் 80 சதவீதம் பேர் போகிறார்கள். பெட்டியில் விழுவது 25-க்கு 28. கணிப்பில் 15 புள்ளி முன்னால் இருந்த கட்சி தோற்றுவிட்டது, யாரும் பொய் சொல்லாமலேயே.

இங்கே இது ஏட்டுக் கணக்கு இல்லை. 2019-இல் பதிவு செய்தவர்களில் 66 சதவீதம் வாக்களித்தார்கள், 2024-இல் 58.64. 2021 உள்ளாட்சித் தேர்தலில் சுமார் 46-தான், அதாவது பாதிக்கு மேல் வீட்டில் இருந்துவிட்டார்கள். "வாக்களிப்பீர்களா?" என்று கேட்டால் "இல்லை" என்று சொல்ல எல்லோருக்கும் கூச்சம். ஞாயிற்றுக்கிழமை பிரியாணி முன்னால் உட்கார்ந்து "கண்டிப்பா போடுவேன்" என்று சொல்லும் மாமா, அன்றைக்கு வரிசையின் நீளத்தைப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிவிடுவார். 2024-இல் பல இடங்களில் அந்த வரிசை இரவு ஒன்பது மணியைத் தாண்டியும் நகர்ந்துகொண்டிருந்தது. போன் கணிப்பில் இவ்வளவு பேர் வந்தால் இந்த எண், அவ்வளவு பேர் வந்தால் அந்த எண் என்று பிரித்துக் கொடுத்தார்கள். இப்சோஸும் இந்தக் கணக்கைப் போடாமல் இல்லை. ஆனால் செய்தித்தாள் வழியாக நம்மிடம் வந்து சேர்வது ஒரே ஒரு எண்.

"இந்திய வாக்காளர்கள் யார் பக்கம்?" என்று தலைப்பு வந்தால் மட்டும் இரண்டு வகையையும் ஒதுக்கிவிடுங்கள். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் இந்திய வம்சாவளியினரான நாம் 2.7 சதவீதம். நாடு முழுக்க 2,500 பேரைக் கேட்டால் அதில் இந்தியர் ஏறக்குறைய 70 பேர். 70 பேரிடம் கேட்ட எண் 12 புள்ளி மேலேயும் போகலாம், கீழேயும் போகலாம். அந்த 70-இல் தமிழர் எத்தனை பேர் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இந்திய வாக்காளர்களை நம்பும் மைனாரிட்டி ஃப்ரண்ட் மாதிரி சின்னக் கட்சிகளும் இந்தச் சல்லடையில் நிற்காது. 2019-இல் மாகாண சபையில் அதற்கு இருந்த ஒரே இடமும் 2024-இல் போனது.

வாக்குப்பதிவு முடிந்த பிறகு இந்த இரண்டுமே தேவையில்லை. தென்னாப்பிரிக்க அரசின் ஆராய்ச்சி நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர். போடும் கணிப்பு மக்களிடம் கேட்பதில்லை. எண்ணி முடித்த சாவடிகளை முந்தைய தேர்தல்களின் போக்கோடு ஒப்பிட்டு மீதியைக் கணக்கிடுகிறது. 2024-இல் மறுநாளே ஏ.என்.சி.க்கு 42 சதவீதம் அளவில் சொல்லிவிட்டார்கள். அதே வாரம் ஊரிலிருந்து உறவினர்கள் அனுப்பிய இந்திய எக்ஸிட் போல்களை நினைத்துப் பாருங்கள். ஆளும் கூட்டணிக்கு 361 முதல் 401 வரை என்றது ஒன்று, கிடைத்தது 293.

இவ்வளவும் 2024 பொதுத் தேர்தலை வைத்துச் சொல்வது. உள்ளாட்சியில் போன் கணிப்பு எந்த அளவுக்குக் கைகொடுக்கும் என்று அடித்துச் சொல்லும் அனுபவம் எனக்கு இல்லை. டர்பன் மாநகராட்சியான எத்தேக்வினியில் மட்டும் 2021-இல் 111 வார்டுகள். வார்டு வாரியாகக் கேட்க யாரும் பணம் செலவழிக்கப் போவதில்லை. மாநகரம் முழுவதற்குமான எண்ணுக்கு மறுபடியும் போன் கணிப்பைத்தான் பார்ப்பேன். என் வார்டுக்கு, பக்கத்து வார்டுகளில் நடந்த இடைத்தேர்தல் முடிவுகளைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் எடுத்து, எத்தனை சதவீதம் பேர் வந்தார்கள் என்பதை முதலில் படிப்பேன்.