வரையாட்டைப் படமெடுக்க ராஜமலை: இரவிகுளம் பூங்காவின் பேருந்துச் சுற்றுலா

உடுமலையிலிருந்து சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு செல்லும் சாலையில் உள்ள அஞ்சாம் மைலில்தான் இரவிகுளம் தேசியப் பூங்காவின் நுழைவாயில் இருக்கிறது. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இந்தப் பூங்காவில் சுற்றுலாப் பயணிகளுக்குத் திறந்திருப்பது ராஜமலைப் பகுதி மட்டுமே. அங்கும் வனத்துறைப் பேருந்தில் சென்று இறங்கி, தார்ச்சாலையை விட்டு விலகாமல் நடந்து திரும்ப வேண்டும். படமெடுக்க வருபவர்கள் பலர் இதைக் குறையாகச் சொல்கிறார்கள். என் பார்வையில் இந்தச் சுற்றுலாவின் பெரிய பலமே இந்தக் கட்டுப்பாடுதான். ஆட்கள் சாலையோடு நின்றுவிடுவதைக் கண்டு பழகிய வரையாடுகள், மிரளாமல் ஓரத்துப் புல்லை மேய்ந்தபடி நம்மைக் கடந்து போகின்றன.

ஆகவே ராஜமலைக்கு மலைபோன்ற லென்ஸ் தேவையில்லை, 70-300 மி.மீ. ஜூம் ஒன்றே தாராளம். முழங்காலிட்டு ஆட்டின் கண்மட்டத்துக்குக் கேமராவை இறக்கினால், பின்னால் ஆனைமுடிப் பக்கத்துப் பாறைச்சரிவும் சட்டத்துக்குள் வந்துவிடும். நான் போயிருந்தபோது வனக்காவலர் ஒருவர், "சார், வெள்ளை முதுகு வருது, அசையாம நில்லுங்க" என்று மெல்லச் சொன்னார். ஏறக்குறைய கறுத்த உடலும், முதுகில் சேணம் போட்டதுபோன்ற வெண்சாம்பல் திட்டுமாக, முதிர்ந்த கிடா ஒன்று மேட்டிலிருந்து இறங்கி வந்தது. பின்வளைந்த கொம்பின் குறுக்கு வரிகளில் பனித்துளிகள் ஒட்டியிருந்தன. கறுப்பும் வெண்மையும் ஒரே உடலில் இருப்பதால், பின்னர் வெளிச்சத்தைத் திருத்த இடம்தரும் ரா (RAW) கோப்பாக எடுப்பதே நல்லது.

சவால் மூடுபனிதான். நிமிடங்களில் மலையை மூடிவிடும் அந்த வெண்மையைக் கேமரா அளவுக்கு மீறிய வெளிச்சமாகக் கணித்துப் படத்தை மங்கலான சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை, அதாவது பதியும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் முதல் ஒரு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இருமடங்கு வெளிச்சம்) வரை கூட்டினால் பனி பனியாகவே பதியும். ஷட்டர் வேகம் 1/500-க்குக் கீழே போகாமல், கேமராவின் ஒளியுணர் அளவான ஐஎஸ்ஓவைக் கூட்டிக்கொள்ளலாம். லென்ஸ் துடைக்க உலர்ந்த துணி அவசியம்.

பறவைகளுக்காக வருபவர்களுக்கு நான் இதை அவ்வளவாகப் பரிந்துரைக்க மாட்டேன். புல்வெளியில் நீலகிரி நெட்டைக்காலி இருக்கிறது, ஆனால் சாலையோடு நின்று எடுக்க 400 மி.மீ.க்கு மேல் வேண்டும். விடுமுறை நாள் கூட்டத்தில் அந்தப் பறவை நிலைகொள்ளாது. விடியற்கால வெளிச்சமும் கிடைக்காது, ஏனெனில் பேருந்துகள் நன்றாக விடிந்த பிறகே புறப்படுகின்றன. முதல் பேருந்தில் இடம் பிடிப்பவர்களுக்கே அமைதியான சாலை வாய்க்கும் என்பதால், நுழைவுச்சீட்டை இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு வார நாளில் போவதையே நான் சொல்வேன்.

வரையாடுகள் குட்டி ஈனும் காலத்தை ஒட்டி, வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பூங்காவை மூடிவிடுவார்கள். திறந்த பிறகு, ஏப்ரலில் போனால் தாயின் காலடியில் ஒட்டி நடக்கும் குட்டிகளைப் படமெடுக்கலாம். நீலக்குறிஞ்சிக்காகக் காத்திருப்பவர்கள், 2018-க்குப் பின் அடுத்த பெரும்பூப்பு வரவேண்டிய 2030-ஐக் குறித்துக்கொள்ளலாம்; வரையாட்டுக்கு அத்தனை காலம் காத்திருக்க வேண்டியதில்லை.