வேகம் பரவாயில்லை, பில்தான் தலைவலி

டல்லாஸ் பக்கம் மூன்று வருடமாக இந்த நிறுவனத்தின் வீட்டு இணைய இணைப்பு வைத்திருக்கிறேன், பெயர் வேண்டாம். வேகத்தில் குறை சொல்ல மாட்டேன், வீட்டில் நான்கு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்தாலும் தாங்குகிறது.

பில்தான் பிரச்சினை. மாதம் 70 டாலர் என்று சேர்த்தார்கள், வருவதோ 90-ஐத் தொடுகிறது. கேட்டால் "அதெல்லாம் வரி" என்றார் போனில் பேசியவர். எந்த வரி? இணைய இணைப்புக்கு மாநிலங்கள் வரி போடக் கூடாது என்று கிளின்டன் காலத்தில், 1998-லேயே சட்டம் வந்தது. தவணை தவணையாக நீட்டி 2016-ல் நிரந்தரமாக்கினார்கள். முன்பே வசூலித்துவந்த டெக்சஸ் போன்ற சில மாநிலங்களுக்கு மட்டும் 2020 ஜூன் வரை விட்டுவைத்தார்கள், அதுவரை இங்கே மாதம் 25 டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு விற்பனை வரி உண்டு. இப்போது இல்லை. அப்புறம் பில்லை ஒவ்வொன்றாகப் பார்த்தால், மோடம் வாடகை, அதற்கு வரி, கூடவே வரி மாதிரி வேஷம் போட்ட இவர்களின் சொந்தக் கட்டணம் ஒன்று!

மோடத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆன்லைனில் 100 டாலருக்கு ஒன்று வாங்கினேன், அதற்கு 8.25 டாலர் வரி. அந்தச் சட்டம் ஆன்லைனில் வாங்கும் பொருளுக்குக் குடை பிடிக்காது, அதிலும் 2018-ல் வேஃபேர் என்ற ஆன்லைன் கடை மீதான வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழிவிட்டபிறகு பெரிய வெளிமாநில விற்பனையாளரும் வசூலித்தாக வேண்டும். சரி, அது ஒரு தடவையோடு முடிந்தது.

வேகத்துக்கு நான்கு நட்சத்திரம், பில்லுக்கு ஒன்று.