பாசிக்குடாத் தண்ணீரா, குசினிக் கதிரையா?

முழங்கால் வாதம் உள்ள வயதானவர்கள் விழாமலிருக்கப் பயிற்சி வேண்டும். சரி, எங்கே செய்வது?

இடுப்பளவு தண்ணீரில் கால் சுமக்கும் பாரம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். நெஞ்சளவில் இன்னும் குறையும். முற்றத்தில் நாலடி வைக்கவே முனகுபவர், அங்கே பக்கவாட்டாக நடப்பார், ஒற்றைக் காலிலும் நிற்பார். தடுமாறினாலும் தண்ணீர் தாங்கும். மட்டக்களப்புப் பக்கம் என்றால், ஆழமில்லாத பாசிக்குடாக் கடல் இதற்குத் தோது. கல்லடிக் கடற்கரையில் அலை இழுக்கும். மட்டக்களப்பு வாவியிலோ சேறு, முதலை வேறு! மாரியில் பாசிக்குடாவும் வேண்டாம்.

குசினியில் கதிரையைப் பிடித்து எழும்பி இருப்பது, குதிக்கால் உயர்த்துவது: செலவில்லை, தினமும் செய்யலாம். விழுவது தரையில்தானே, சமநிலையும் அங்கேதான் பழக வேண்டும். வலி தாங்குமென்றால் என் தெரிவு கதிரைதான். தாங்காதவர் துணைக்கு ஒருவரோடு தண்ணீரில் தொடங்கட்டும்.