நார்வே வழியா, பிரிட்டன் வழியா?

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிற்பதிலும் இரண்டு விதம் உண்டு. நார்வே மக்கள் 1972லும் 1994லும் வாக்கெடுப்பில் ‘சேர வேண்டாம்’ என்றார்கள். ஆனாலும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி என்ற ஒப்பந்தம் வழியாக அந்த நாடு ஒன்றியத்தின் ஒற்றைச் சந்தைக்குள், அதாவது பொது விதிகளோடு சரக்கும் சேவையும் ஆட்களும் நாடுகளுக்கிடையே போய்வரும் சந்தைக்குள், இருக்கிறது. பிரிட்டன் 2016இல் 51.9 சதவீத வாக்குகளோடு விலக முடிவெடுத்தது. 2020 முடிவில் ஒற்றைச் சந்தை, சுங்க ஒன்றியம் (உள்ளே சுங்க வரி இல்லை, வெளிச் சரக்குக்கு எல்லோருக்கும் ஒரே வரி) இரண்டையும் விட்டது.

வியாபாரத்தில் நார்வே வழிதான் லாபம். பிரிட்டனுக்கும் ஒப்பந்தப்படி பெரும்பாலும் வரி இல்லை, சிக்கல் காகிதத்தில். சுங்கப் படிவம், உணவுக்குச் சுகாதாரச் சான்று, பொருள் எங்கே தயாரானது என்பதற்கு ஆதாரம். பெரிய நிறுவனம் இதற்கென ஆள் வைத்துக்கொள்ளும். சின்ன பாலாடைக்கட்டி வியாபாரி என்ன செய்வார்? ஒன்றியத்தை விட்டதால் நீண்டகால உற்பத்தித்திறன் சுமார் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டனின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகக் கணிப்பு.

சரி, ஜனநாயகம்? இங்கே நார்வே பாடு திண்டாட்டம்தான். ஒன்றியத்தின் தலைமையிடமான பிரஸ்ஸல்ஸில் எழுதும் சந்தைச் சட்டங்களை ஏற்கிறது, பணமும் கட்டுகிறது, ஓட்டு மட்டும் கிடையாது. பிரிட்டன் தன் சட்டத்தைத் தானே எழுதுகிறது. ஆனால் யாருடைய விருப்பப்படி? ஸ்காட்லாந்தில் 62 சதவீதம் பேர் ஒன்றியத்தில் இருக்கவே வாக்களித்தார்கள். வட அயர்லாந்திலும் பெரும்பான்மை அப்படியே. அங்கே சரக்குகளுக்குப் பல ஐரோப்பிய விதிகள் இன்றும் செல்லும். நார்வேயின் ஓட்டில்லாத நிலைமை, பிரிட்டனுக்குள்ளேயே ஒரு மூலையில்!

என்னைக் கேட்டால், ஏற்றுமதியை நம்பிப் பிழைக்கும் சிறு நாட்டுக்கு நார்வே வழி. பிரிட்டன் அளவு நாடு ஓட்டில்லாமல் அடங்கி இருக்குமா என்பது சந்தேகம்தான்.