நாலு நூல் பட்டத்துக்கு நூலும் குச்சியும் வாங்கப் போகிறீர்களா? கொஞ்சம் உஷார்!

சிங்கப்பூர் மரினா பேரேஜ் புல்வெளியில் நாலு நூல் பட்டம் (இரு கையிலும் ஒரு கைப்பிடி, ஒவ்வொன்றிலும் மேல் நூல் ஒன்று, கீழ் நூல் ஒன்று) விடும் நண்பர்களுக்கும், புதிதாக இறங்க நினைப்பவர்களுக்கும் இந்தப் பதிவு. ஆன்லைனில் ஒருவரிடம் "90 பவுண்ட் ஸ்பெக்ட்ரா, 120 அடி, நாலும் சம நீளம், முன்கூட்டியே இழுத்து வைத்தது" என்று ஒரு நூல் செட்டும் (ஸ்பெக்ட்ரா, டைனீமா இரண்டும் ஒரே வகை உயர்பலப் பாலிஎத்திலீன் இழையின் வணிகப் பெயர்கள்; 90 பவுண்ட் என்பது நூல் தாங்கும் எடை), "3 ராப் கார்பன்" (மூன்று சுற்று சுற்றிச் செய்த கார்பன் குழாய்) என்று பட்டத்தின் மேல் விளிம்புக் குச்சிகள் மூன்றும் வாங்கினேன். மொத்தம் 130 வெள்ளி. வந்தது ஸ்பெக்ட்ராவும் இல்லை, 3 ராப்பும் இல்லை. விற்றவர் பெயரைப் போடவில்லை. இதே சரக்கு வேறு பெயர்களிலும் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால் ஏமாற்றும் விதத்தைத் தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

இதில் கில்லாடித்தனம் எங்கே என்றால், 90 பவுண்ட் என்பது பொய்யே இல்லை. லக்கேஜ் தராசில் கட்டி இழுத்துப் பார்த்தேன், 40 கிலோவை அந்த நூல் தாங்கத்தான் செய்தது. ஆனால் நாலு நூல் பட்டத்துக்கு வெறும் தாங்கு சக்தி போதாது. நூல் இழுபடக் கூடாது, வழுக்க வேண்டும், மெல்லியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பதால்தான் ஸ்பெக்ட்ரா, டைனீமா என்று காசைக் கொட்டுகிறோம். அதே 90 பவுண்டைப் பாலியஸ்டரில் கொண்டுவர வேண்டுமென்றால் நூலைத் தடியாகப் பின்னியாக வேண்டும். பிரித்தபோதே தடிமன் உறுத்தியது. கேட்டதற்கு, "புது நூல் அப்படித்தான் சார் இருக்கும், விட விட அமுங்கிடும்" என்று பதில் வந்தது. புது டைனீமா நூல் முதலில் கொஞ்சம் உப்பலாக இருந்து, போகப்போக இறுகுவது உண்மைதான். ஆள் விஷயம் தெரியாதவர் இல்லை, தெரிந்தேதான் விற்றிருக்கிறார்.

பட்டம் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே குட்டு வெளிப்பட்டது. நல்ல நூலாக இருந்தால் பட்டத்தை ஒரே பக்கம் ஐந்தாறு சுற்று சுற்றினாலும் நாலு நூலும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், கைப்பிடியை அசைத்தால் பட்டம் கேட்கும். இதில் இரண்டு சுற்றுக்கே நூல்கள் ஒன்றையொன்று கவ்விக்கொண்டன. பின்பக்கமாக இறக்கலாம் என்று கீழ் நூலை இழுத்தால், இழுவையெல்லாம் நூல் நீள்வதிலேயே போய்விடுகிறது. பட்டம் யோசித்துவிட்டு நிதானமாகத் திரும்புகிறது. பிரேக் பிடிப்பதற்குள் தரை வந்துவிடும்.

அன்றைக்குப் பெரிய சேதம் எனக்கு இல்லை, பக்கத்தில் விட்டுக்கொண்டிருந்த அண்ணனுக்குத்தான். சேர்ந்து விடும்போது நூலும் நூலும் குறுக்கே போவது சகஜம். டைனீமாவோடு டைனீமா உரசினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் டைனீமா 150 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும், பாலியஸ்டர் 250 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். என் நூல் அவர் நூலின் ஒரே இடத்தில் சரசரவென்று ஓடியது, அவருடைய மேல் நூல் அந்த இடத்தில் உருகி அறுந்தது. பட்டம் சுருண்டு கீழே விழுந்ததும் என்னைப் பார்த்து, "என்ன தம்பி, மாஞ்சா போட்டிருக்கியா?" என்றார். அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்தோம். பிசிறே இல்லை, குண்டூசித் தலைபோல உருகித் திரண்டிருந்தது.

வீட்டுக்கு வந்து தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். இதை எல்லோரும் செய்யலாம். டைனீமாவும் ஸ்பெக்ட்ராவும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். பாலியஸ்டரும் நைலானும் மூழ்கும். ஒரு சாண் நூலை வெட்டி, பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்டு, விரலால் நன்றாகப் பிசைந்து, பின்னலுக்குள் இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டுப் போட வேண்டும். இல்லாவிட்டால் பாலியஸ்டரும் கொஞ்ச நேரம் மிதந்து ஏமாற்றும். என் பழைய நூல் மேலேயே கிடந்தது. புதியது நேராக டம்ளரின் அடிக்குப் போய்விட்டது.

சம நீளம் என்பதும் கதைதான். நாலு முனையையும் ஒரே கம்பியில் மாட்டி இழுத்துப் பிடித்தால் குட்டைக்கும் நெட்டைக்கும் நாலு விரற்கடை வித்தியாசம். முனைகளில் உறையும் இல்லை, வெறும் முடிச்சு. உண்மையான டைனீமாவாக இருந்திருந்தால் அந்த முடிச்சிலேயே பலம் பாதி வரை போயிருக்கும். அதற்காகத்தான் முனையில் டேக்ரான் (பாலியஸ்டர்) உறை போட்டு முடிச்சிடுகிறார்கள்.

குச்சி இன்னும் மோசம். ராப் என்றால் கார்பன் துணியை ஓர் அச்சின்மேல் அடுக்கடுக்காகச் சுற்றிச் செய்வது. இரண்டு சுற்று மெல்லிய காற்றுக்கு, மூன்று பொதுப் பயன்பாட்டுக்கு, நாலு பலத்த காற்றுக்கு. இழைகள் குறுக்கேயும் ஓடுவதால் குழாய் எளிதில் பிளக்காது. எனக்கு வந்தது இழைகளைப் பிசினோடு சேர்த்து அச்சுத் துளை வழியே இழுத்துச் செய்த குழாய், இழைகள் எல்லாம் நீளவாக்கில்தான். மலிவுப் பட்டங்களில் அதுவே போதும், அதைக் குறை சொல்லவில்லை. 3 ராப் விலைக்கு விற்றதுதான் அயோக்கியத்தனம். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தால் சுற்றிய தடமே இல்லை, கோடு கோடாக நேராக ஓடுகிறது. சமையலறைத் தராசில் பழையதைவிட ஒன்றரை மடங்கு எடை. கால் அங்குலம், அதாவது 6.35 மிமீ என்று போட்டிருந்தார், காலிப்பர் 6 மிமீதான் காட்டியது. முனைத் தொப்பி லொடலொடவென்று ஆடியது.

மூக்கு குப்புற ஒருமுறை இறங்கியதும் இணைப்புக் குழாய் நுழையும் இடத்தில் மூங்கில்போல நெடுக்கப் பிளந்து, மேல் விளிம்பு உறையைக் குத்திக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. பிளந்த கார்பனை வெறுங்கையால் தொடாதீர்கள். சிராய் கண்ணுக்கே தெரியாது, விரலுக்குள் உட்கார்ந்துகொண்டு ஒரு வாரம் படுத்தும்.

புகார் செய்தால், "பலத்த காத்துல விட்டிருப்பீங்க சார்" என்றார். அன்றைக்குக் காற்றின் வேகம் பத்து நாட்டைக்கூட (knot, அதாவது மணிக்குச் சுமார் 18.5 கிமீ) தாண்டவில்லை. தண்ணீர்ச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பினேன். உடனே தொனி மாறிவிட்டது. 30 வெள்ளி தருகிறேன், விமர்சனத்தை எடுத்துவிடுங்கள் என்றார். எடுக்கவில்லை. சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தில் 20,000 வெள்ளி வரை வழக்குப் போடலாம், ஆனால் விற்றவரின் உண்மைப் பெயரும் முகவரியும் வேண்டுமே. புனைபெயருக்குப் பின்னால் இருப்பவரை எங்கே போய்த் தேடுவது?

ஆகவே, பொட்டலம் வந்ததும் "பொருள் கிடைத்தது" பொத்தானை அமுக்காதீர்கள். அதை அமுக்கியதும் பணம் விற்றவர் கைக்குப் போய்விடும். முதலில் ஒரு முனையைத் தண்ணீரில் போடுங்கள், குச்சியை எடை போட்டு, விட்டத்தை அளந்து பாருங்கள். வாங்கும் முன்பே நூலின் விட்டம் எத்தனை மில்லிமீட்டர், ஒரு குச்சி எத்தனை கிராம் என்று எழுத்தில் கேளுங்கள். நல்ல கடைக்காரர் அளந்தே சொல்வார். இவரிடம் வாங்கும் முன் நானும் கேட்டேன், "ஸ்டாண்டர்ட் சைஸ் சார்" என்றுதான் பதில் வந்தது. நீல நிறச் சுற்றுப்பலகையில் வெளிர் மஞ்சள் நூல் சுற்றிய படம், பக்கத்தில் மூன்று கறுப்புக் குச்சிகள்: அந்த விளம்பரம் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.