555 புத்தகம் இருந்த இடத்தில் கணினி: நான்காண்டுப் பயன்பாட்டில் தெரிந்தவை

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் மளிகைக்கடையின் உயிர் கடன் கணக்கில் இருக்கிறது. சட்டப்படி மாதம் முடிந்து 7 நாளுக்குள் சம்பளம் போட்டாக வேண்டும். அதுவரை அரிசியும் எண்ணெயும் பால்மாவும் "எழுதி வச்சுக்குங்க" என்றுதான் போகும். முன்பெல்லாம் கடன் எழுதும் சின்னக் குறிப்பேடான 555 புத்தகம் வாடிக்கையாளர் கையில் ஒன்று, கடையில் ஒன்று என இரண்டு இருந்தன. இப்போது எல்லாம் ஒரே கணினிக்குள். அது இன்றிரவு எரிந்துபோனாலும், யார் எவ்வளவு தர வேண்டும் என்று நாளைக் காலை சொல்ல முடிய வேண்டும். இங்கே சொல்லும் ஏற்பாட்டுக்கு அது ஒன்றுதான் நோக்கம்.

கடை முகப்பில் ஒரு கணினி, உள்ளே கணக்குக்கு ஒன்று, மின்சாரம் போனால் சிறிது நேரம் பேட்டரியில் தாங்கும் 650 விஏ யுபிஎஸ் இரண்டு, 1 டெராபைட் வெளி ஹார்ட்டிஸ்க் இரண்டு, இணையச் சேமிப்பு ஒன்று. நான்கு ஆண்டுகளாக ஓடுகிறது.

யுபிஎஸ் நன்றாக உழைத்திருக்கிறது, ஆனால் கவனிப்பு கேட்கிறது. 650 விஏ என்று பெட்டியில் போட்டிருந்தாலும் தாங்குவது 360 வாட் சுற்றித்தான். கணினி, திரை, ரௌட்டர் மூன்றும் 100 வாட் அளவு இழுத்தால், புது பேட்டரியில் கால் மணி நேரம் நிற்கும். லேசர் பிரிண்டரை அதில் மாட்டக்கூடாது. உருளை சூடேறும் நேரத்தில் அது 500 வாட்டுக்கு மேல் இழுக்கும், யுபிஎஸ் அலறிவிட்டு அணைந்துபோகும். ரசீது அடிக்கும் சின்ன தெர்மல் பிரிண்டரைத் தாராளமாக மாட்டலாம். கூடவே வரும் யூஎஸ்பி கம்பியைப் பலர் பெட்டியிலேயே விட்டுவிடுகிறார்கள். அதை மாட்டினால்தான் மின்சாரம் தீரும் முன் விண்டோஸ் தானாக ஷட்டவுன் ஆகும். பேட்டரி எவ்வளவுக்கு இறங்கினால் அணைய வேண்டும் என்ற அளவை 30 விழுக்காட்டில் வையுங்கள். பழைய பேட்டரி 20 என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று செத்துவிடும்.

உள்ளே இருப்பது 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி. வெப்பம் 25 பாகையிலிருந்து 10 பாகை ஏறினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். ஏர்கோன் இல்லாத கடையில் இரண்டு ஆண்டு தாக்குப்பிடித்தால் நல்லது. மாற்றும்போது உருவ அளவு ஒன்றாக இருந்தாலும், முனைத் தகட்டின் அகலம் 4.8 மி.மீ., 6.3 மி.மீ. என்று இரண்டு வகை உண்டு. பழையதைக் கையோடு எடுத்துப்போய்க் காட்டி வாங்குங்கள்.

பேட்டரியைக் கொல்லும் இன்னொன்று, இரவு இடியில் விழுந்துவிடும் ஈஎல்சிபி, அதாவது மின்கசிவு கண்டால் கடையின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச். கடை பூட்டிக்கிடக்கும், நிமிர்த்திவிட ஆள் இருக்காது. யுபிஎஸ் கடைசிச் சொட்டு வரை ஓடித் தீரும். இப்படி அடிமட்டம் வரை காலியாகும் ஈய பேட்டரி பழைய பலத்துக்குத் திரும்புவதில்லை. கடை அடைக்கும்போது கணினியை ஷட்டவுன் செய்து யுபிஎஸ்ஸின் பொத்தானையும் அணைத்தால் போதும். சுவர் மின்சாரம் இருக்கும்வரை சார்ஜ் ஏறிக்கொண்டுதான் இருக்கும்.

மின்னலைப் பற்றிப் பலருக்கும் தவறான நிம்மதி இருக்கிறது. ஃபைபர் இணையம் கண்ணாடி இழை என்பதால், செம்புத் தொலைபேசிக் கம்பி வழியாக மோடத்தை எரித்த பாய்ச்சல் இப்போது வராது என்பது உண்மைதான். ஆனால் கடை முன்னால் இருக்கும் அஞ்சடி நடைபாதையிலும் பின்சந்திலும் மாட்டிய கேமராக்களின் கம்பி செம்புதான். பக்கத்தில் எங்கோ இடி விழுந்தாலே அந்த நீளக் கம்பியில் மின்னழுத்தம் தூண்டப்படும். அது கேமரா பதிவுப் பெட்டிக்குள் புகுந்து, ரௌட்டருக்குத் தாவி, நெட்வொர்க் கம்பி வழியாகக் கணக்குக் கணினிக்கு வரும். யுபிஎஸ் இருந்தும் மதர்போர்டு போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். கணக்குக் கணினியை வைஃபையில் வைத்தால் அந்தப் பாதை அறுந்துவிடும், செலவும் சொற்பம். பாய்ச்சல் தடுப்புள்ள எக்ஸ்டென்ஷன் வாங்கினால் எர்த்தை வயர்மேனை வைத்து அளந்துவிடுங்கள். பழைய பலகைக் கடைகளில் சுவரில் மூன்று துளை இருக்கும், பின்னால் எர்த் கம்பி அறுந்திருக்கும். எக்ஸ்டென்ஷனில் பாதுகாப்பு விளக்கு அணைந்துவிட்டால் உள்ளே பாய்ச்சலைத் தடுக்கும் உறுப்பான வேரிஸ்டரின் வேலை முடிந்தது. பிறகு அது சாதாரணக் கட்டைதான்.

நகல் எடுப்பதில்தான் மிக அதிகமான தவறுகள் நடக்கின்றன. எஸ்கியூஎல் அக்கவுண்டிங் போன்ற கணக்கு மென்பொருள்கள் எல்லாப் பதிவையும் ஃபயர்பேர்ட் என்ற தரவுத்தளக் கோப்பில் வைக்கின்றன. நிரல் திறந்திருக்கும்போது அந்தக் கோப்பை இழுத்து ஹார்ட்டிஸ்க்கில் போட்டால் பாதி எழுதிய நிலையில் பதிவாகலாம். அளவு சரியாக இருக்கும், தேதி சரியாக இருக்கும், திறக்காது. மென்பொருளுக்குள் இருக்கும் பேக்கப் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். தினமும் கடை அடைக்கும் முன் அதை ஓட்டி, வரும் கோப்பை ஹார்ட்டிஸ்க்குக்கும் இணையச் சேமிப்புக்கும் அனுப்பலாம்.

ஹார்ட்டிஸ்க் இரண்டு எதற்கு என்று கேட்பார்கள். ஒன்று கடையில், மற்றொன்று வீட்டில். திங்கட்கிழமைதோறும் இடம் மாறும். கணினியிலேயே எந்நேரமும் மாட்டிக்கிடக்கும் டிஸ்க்கை, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் சேர்த்தே பூட்டிவிடும். நகல் எடுத்ததும் கழற்றுங்கள். இணையச் சேமிப்பை மட்டும் நம்புவதும் போதாது. கணினியில் அழிந்த கோப்பு அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் பெரும்பாலும் 30 நாள்தான் கிடக்கும். வருமான வரிக்கு 7 ஆண்டுக் கணக்கு வைத்திருக்க வேண்டிய தொழிலுக்கு 30 நாள் எந்த மூலைக்கு? ஆண்டு முடிவு நகலைத் தனிக் கோப்புறையில், ஆண்டைப் பெயராகப் போட்டு வையுங்கள்.

விண்டோஸ் 11 கணினிகளில் இன்னொரு கண்ணி உண்டு. பலவற்றில் டிஸ்க் தானாகவே மறைகுறியாக்கத்தால் பூட்டப்பட்டு வருகிறது. மதர்போர்டு எரிந்தபின் டிஸ்க்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினால் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அந்தக் கணக்கோ, கணினியை அமைத்துக்கொடுத்த பையனின் மின்னஞ்சலில் இருக்கும்! இன்றே எடுத்துத் தாளில் எழுதி, கடை உரிமத்தோடு வையுங்கள்.

முகப்புக் கணினியில் வாட்ஸ்அப் வேண்டாம், ஆர்டர்களைக் கைப்பேசியிலேயே பாருங்கள். காசாளருக்கு நிர்வாக உரிமை இல்லாத கணக்கு போதும். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது, அதில் இன்னும் கணக்கு ஓட்டுவது ஆபத்து. கடிகாரம் அடிக்கடி பின்னோக்கிப் போனால் சிஆர்2032 பொத்தான் பேட்டரியை மாற்றுங்கள். தேதி பிசகினால் பில்லும் பிசகும், இணைய நகலும் சத்தமில்லாமல் நின்றுபோகும்.

மாதம் ஒருமுறை, கடைசி வாரத்தில், நகலை ஒரு பழைய மடிக்கணினியில் மீட்டுத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டே எண்கள்: கடைசி பில் எண், மொத்தக் கடன் பாக்கி. கடைக் கணினியோடு இரண்டும் பொருந்தினால் நகல் நல்லது. இருபது நிமிட வேலை. நான்காண்டில் கெட்ட நகல்கள் எல்லாம் இந்தச் சோதனையில்தான் பிடிபட்டன.

மாதம் முடியும் மாலை கடன் பட்டியலைப் பெயர்வாரியாக அச்சடித்துக் கல்லாவில் வைத்துவிடுங்கள். அதோடு ஒரு வெற்று 555 புத்தகமும், பேனாவும்.