ஹாங்சோவில் ஆசிரியர் வேலை: சில வருடங்களுக்குப் பிறகு

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடலாம், சீனாவின் ஹாங்சோ நகரத்துக்கு. இங்கே ஒரு தனியார் இருமொழிப் பள்ளியில் ஏ-லெவல் (பிரிட்டிஷ் மேல்நிலைப் பாடத்திட்டம்) கணிதம் நடத்துகிறேன். வேலை பற்றி விசாரிக்கும் ஊர்க்காரர்கள் எல்லோரும் முதலில் கேட்பது சம்பளத்தை. சம்பளம் பரவாயில்லை, வாடகையைப் பள்ளி கொடுத்துவிடுவதால் மிச்சம் பிடிக்கலாம். ஆனால் இந்த நாட்டில் குப்பை கொட்ட முடியுமா என்பது வேறொரு விஷயத்தில் இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட், செல்போன் எண், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே ஆளைக் காட்ட வேண்டும். காட்டினால் இவ்வளவு சுலபமான ஊரை நான் பார்த்ததில்லை. ஒன்று பிசகினாலும் டீ குடிக்கக்கூட அடுத்தவர் தயவு வேண்டும்.

தெருவோரம் கீரை விற்கும் பாட்டி முதல் மருத்துவமனை வரை எல்லாமே வீசாட், அலிபே என்ற செல்போன் செயலிகளில் பணம் கட்டித்தான் ஓடுகிறது. 2023க்குப் பிறகு வெளிநாட்டு கார்டுகளை இவற்றில் இணைப்பது எளிதாகிவிட்டது. 200 யுவானுக்கு உட்பட்ட செலவுக்குக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் 3 சதவீதம். சுற்றுலா வருபவருக்கு இதுவே போதும். சம்பளம் வாங்கி இங்கே வாழ்பவருக்கு உள்ளூர் வங்கிக் கணக்கு தேவை, தலைவலியும் அங்கேதான் ஆரம்பிக்கும்.

சீனப் பெயர்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று எழுத்தில் முடிந்துவிடும். நம் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்தால் படிவத்தின் கட்டத்துக்கு வெளியே வழியும். என் விஷயத்தில் வங்கி ஊழியர் அப்பா பெயரை முன்னால் போட்டு, இடைவெளியே விடாமல் தட்டிவிட்டார். சிம் கார்டு கொடுத்தவர் என் பெயரை முன்னால் போட்டார், இடைவெளியும் விட்டார். இரண்டு பேருமே பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான் தட்டினார்கள். இயந்திரத்துக்கு நான் இரண்டு வேறு ஆட்கள். சேவை மையத்தைக் கூப்பிட்டால் 18 இலக்க அடையாள அட்டை எண்ணைக் கேட்கும், அது நம்மைப் போல வேலை அனுமதியில் இருப்பவர்களுக்குக் கிடையாது. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: கணக்குத் தொடங்கும்போதே, திரையில் உங்கள் பெயர் எப்படி ஏறியிருக்கிறது என்று கேட்டு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லா இடத்திலும் அந்தப் படத்தைக் காட்டி அதே மாதிரி, எழுத்துக்கு எழுத்து, தட்டச் சொல்லுங்கள்.

சரி, எல்லாம் பொருந்திவிட்டது என்று வையுங்கள். ரயில் டிக்கெட்டைப் பதினைந்து நாள் முன்னதாக போனிலேயே எடுக்கலாம். காகிதம் எதுவும் வேண்டாம், நிலையத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும். தாவோபா என்ற இணையக் கடையில் வாங்கிய சட்டை பிடிக்கவில்லையா, பெரும்பாலான பொருள்களுக்கு ஏழு நாள் அவகாசம் உண்டு. காரணம் சொல்ல வேண்டாம், ஆள் வாசலுக்கு வந்து எடுத்துப்போவார். மருத்துவமனையில் ஒவ்வொரு படிக்கும் முன்பணம் கட்ட வேண்டியிருப்பது எரிச்சல்தான். ஆனாலும் சாதாரண ரத்தப் பரிசோதனை முடிவை அரை மணி நேரத்தில் இயந்திரத்திலிருந்து நாமே அச்செடுத்துக்கொள்ளலாம். இதற்கெல்லாம் பழகிவிட்டு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பொறுமை குறைந்துபோவது உண்மை.

பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் மட்டும் பழைய கதை முதலிலிருந்து தொடங்கும். எண் மாறுவதால் வங்கி, சிம், ரயில் செயலி, அலிபே, வேலை அனுமதி, குடியிருப்பு அனுமதி எல்லாவற்றையும் வரிசையாக மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றும்போது இன்னொன்று பழைய எண்ணைக் கேட்கும். பழைய பாஸ்போர்ட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். செல்லுபடிக் காலம் குறைவாக இருந்தால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே புதுப்பித்துவிடுவது உத்தமம்.

பள்ளிக்கு வருவோம். மாணவர்கள் உழைப்பாளிகள், மரியாதையானவர்கள், பாதிப்பேர் தூக்கக் கலக்கத்தில் இருப்பவர்கள். விடுதிப் பிள்ளைகளுக்கு இரவு ஒன்பதைத் தாண்டியும் சுயபடிப்பு நேரம் உண்டு. அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வகுப்பே மேஜையில் கவிழ்ந்து தூங்கும், ஆசிரியர்கள் அறையிலும் மடக்குக் கட்டில்கள் விரியும். முதலில் சிரித்தேன், இப்போது என் மேஜைக்கடியிலும் ஒன்று இருக்கிறது. கீழ் வகுப்புகளில் ஒலிபெருக்கியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கையோடு கண் பயிற்சி நடக்கும். 1960களில் தொடங்கிய வழக்கம் இது. கிட்டப்பார்வை என்னவோ குறைந்த மாதிரித் தெரியவில்லை, வகுப்பில் முக்கால்வாசி கண்ணாடிதான்.

ஆசிரியர் தினம் செப்டம்பர் 10. நம்முடையது 5ஆம் தேதி என்பதால் அந்த வாரம் எனக்கு இரண்டு முறை வாழ்த்து வருகிறது.

வெளிநாட்டு ஆசிரியர் எப்போதும் ஓரத்தில்தான் இருப்பார். வகுப்பாசிரியரான சீன சகா, பெற்றோர்களின் வீசாட் குழுவில் இரவு பத்து மணிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருப்பார், அந்தப் பாரம் நமக்கு இல்லை. அதற்கு விலையும் உண்டு. நாளைக்கு வகுப்பு இல்லை, விளையாட்டு விழா என்ற தகவல் கடைசியாக நமக்குத்தான் வரும். அக்டோபர் தேசிய தின விடுமுறை போன்ற நீண்ட லீவுகளுக்கு ஈடாக ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலைநாளாகும், அன்று எந்தக் கிழமையின் கால அட்டவணை என்பதை முந்தைய நாள் மாலை விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

குளிர் பற்றி யாரும் எனக்குச் சரியாகச் சொல்லவில்லை. சீனாவில் அரசு ஏற்பாட்டிலான மத்திய வெப்பமூட்டல் ஹுவாய் ஆறு, சின்லிங் மலை இரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கேதான். பெய்ஜிங்கில் நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை வீடு வெதுவெதுப்பாக இருக்கும். ஹாங்சோ கோட்டுக்குத் தெற்கே. ஜனவரியில் பூஜ்ஜியத்தை ஒட்டிய ஈரக் குளிர், சுவருக்குள்ளேயும் அதே குளிர். வகுப்பில் ஏசி சூடான காற்றை ஊதும், காற்றோட்டம் வேண்டும் என்று யாராவது ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். வெளியே போகப் போட்ட குளிர்கோட்டைக் கழற்றாமல்தான் பாடம் நடத்துகிறேன். நான் இங்கே வாங்கியதிலேயே உருப்படியான பொருள் மின்சார மெத்தை விரிப்பு. ஜூனில் பிளம் மழை என்று இங்கே சொல்லும் நீண்ட மழைக்காலம் வரும்போது அலமாரியில் செருப்பு பூஞ்சை பிடிக்கும், அதற்கு இன்னும் மருந்து கிடைக்கவில்லை.

வீட்டோடு பேசுவதுதான் இந்தியர்களுக்கே உரிய தொல்லை. வாட்ஸ்அப் இங்கே முடக்கம். வீசாட்டை இந்தியா 2020 ஜூனில் தடை செய்துவிட்டது. அம்மாவிடம் இருப்பது எனக்குத் திறக்காது, என்னிடம் இருப்பது அம்மாவுக்குக் கிடைக்காது. தடையைச் சுற்றிப்போக உதவும் விபிஎன் செயலி சில வாரம் நன்றாக ஓடும், சில வாரம் படுத்துவிடும். இந்திய சிம்மை ரோமிங்கில் போட்டால் தரவு ஊர் வலையமைப்பு வழியாகப் போவதால் எல்லாம் திறக்கும், ஆனால் செலவு. அப்படியும் அந்த சிம்மை உயிரோடு வைத்திருங்கள். ஊர் வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும்.

சாப்பாட்டுக்கு எங்களைக் காப்பாற்றுவது பக்கத்து நகரமான ஷாவ்ஷிங்கில் உள்ள கெச்சியாவ் பகுதி. பெரிய துணிச்சந்தை, அதை நம்பி நம் நாட்டு வியாபாரிகள் நிறையப் பேர் குடியேறியிருக்கிறார்கள். மெட்ரோவிலேயே போய்விடலாம். துவரம்பருப்பும் புளியும் மிளகாய்த்தூளும் கிடைக்கும். சைவர்கள் உணவகத்தில் பீன்ஸ் பொரியலைப் பார்த்து நம்பிவிட வேண்டாம், அடியில் கொத்திய பன்றிக்கறி இருக்க வாய்ப்பு அதிகம். பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் பத்திரம்.

வர நினைப்பவர்களுக்கு ஒன்று. ஆங்கிலம் கற்பிக்கும் வேலைக்குப் பொதுவாக ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள நாடுகளின் குடிமக்களையே கேட்கிறார்கள். அதோடு 2021இல் வந்த கட்டுப்பாடுகளுக்குப் பிறகு பள்ளிக்கு வெளியே நடந்த பயிற்சி மையங்கள் ஏராளமாக மூடப்பட்டன. இந்தியருக்கு வழி பாட ஆசிரியர் வேலைதான்: கணிதம், இயற்பியல், கணினி. பட்டம், அனுபவச் சான்று, காவல்துறைச் சான்று, எல்லாவற்றுக்கும் சான்றொப்பம், அப்புறம் இசட் விசா, அதாவது வேலை விசா. வந்திறங்கி 30 நாளுக்குள் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். வியாபார விசாவிலோ மாணவர் விசாவிலோ வாருங்கள், வந்தபின் மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லும் தரகருக்குப் பணம் கொடுக்காதீர்கள். வேலை அனுமதியில் எந்தப் பள்ளியின் பெயர் இருக்கிறதோ அங்கே மட்டும்தான் பாடம் நடத்தலாம். சனிக்கிழமை இன்னொரு இடத்தில் இரண்டு வகுப்பு எடுங்கள் என்று கேட்டால், சோதனை வரும் நாளில் காவல் நிலையத்தில் உட்காருவது நீங்கள்தான், கேட்டவர் அல்ல.